பார்க்கின்சன் எப்படிப் போகும்? கணிப்பதற்கு நோட்டா, போனா, வாட்ச்சா

"இது பார்க்கின்சன்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இனி இது எப்படிப் போகும்? நம் ராமநாதபுரம் கடற்கரையில் அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய முடிவுகள் காத்திருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்கும்போது அப்பாவே ஸ்டியரிங் பிடிக்கலாமா, வேறு டிரைவரைப் பார்க்க வேண்டுமா? கடல்பாசி எடுக்கப் போகிற அம்மா இன்னும் எத்தனை சீசன் தண்ணீரில் இறங்க முடியும்? படகை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா? வளைகுடாவில் வேலை செய்யும் மகன் இந்த வருஷமே திரும்ப வேண்டுமா, இன்னும் கொஞ்சம் சம்பாதித்துவிட்டு வரலாமா?

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். சொந்த ஊர் பாம்பன். என் தாய்மாமாவுக்கு இந்த நோய் வந்த பிறகு மண்டபம், தங்கச்சிமடம், ஏர்வாடிப் பக்கமிருந்தெல்லாம் கேட்கிறார்கள்: "கம்ப்யூட்டர்ல போட்டா நோய் எப்படிப் போகும்னு சொல்லிருமாமே, எதை வாங்கலாம்?" அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

வழிகள் ஐந்து இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நியூரோ டாக்டர் போடும் மதிப்பெண், வீட்டில் எழுதும் நோட்டு, செல்போன் செயலி, மணிக்கட்டில் கட்டும் கருவி, லேப் பரிசோதனை. என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். டாக்டரின் மதிப்பெண்ணும் வீட்டு நோட்டும் சேர்ந்துதான் முதல் இடம். போன் அதற்குத் துணை. மணிக்கட்டுக் கருவி டாக்டர் கேட்டால் மட்டும். கணிப்புக்காக லேப்பில் காசு கொட்ட வேண்டாம்.

முதலில், எதைக் கணிக்க முடியும்?

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு கருநிறத் திட்டில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் இந்த நோயின் அடிப்படை. ஆனால் அழியும் வேகம் எல்லாருக்கும் ஒன்றில்லை. ஒரே வருஷத்தில் நோய் தெரியவந்த இரண்டு பேரில் ஒருவர் பத்து வருஷம் கழித்தும் தானே நடந்து கடைக்குப் போய் வருவார். இன்னொருவருக்கு மூன்றாவது வருஷமே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, குறைந்த டோபமைனை ஈடுகட்டக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை நோயின் உண்மையான நிலையை மறைத்துக் காட்டும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பார்த்தால் ஒரு ஆள், அது இறங்கிய நேரத்தில் பார்த்தால் வேறு ஆள்.

ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளைக் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்துச் சொல்கிறது. அந்தப் பக்கம் போனால் வாய்ப்பு கூடும். ஆனால் உங்கள் வலை நிறையும் என்று அது சொல்வதில்லை. நோய்க் கணிப்பும் அப்படித்தான். 'இவரைப் போன்ற நூறு பேரில் இத்தனை பேருக்கு இப்படி ஆகும்' என்று அது சொல்லும். 'உங்கள் அப்பா 2029 இல் நடக்க முடியாமல் போவார்' என்று ஒரு செயலி தேதி போட்டுச் சொன்னால் அதை அழித்துவிடுங்கள்.

நூறு பேரைப் பற்றிச் சொல்வதில் உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. தாமதமான வயதில் நோய் வந்தவர்கள், கை நடுக்கத்தைவிட நடைத் தடுமாற்றம் முன்னால் நிற்பவர்கள், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால் வீசிக் கத்துபவர்கள், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றுபவர்கள், ஆரம்பத்திலேயே நினைவு மங்குபவர்கள் ஆகியோருக்கு நோய் வேகமாகப் போகும் வாய்ப்பு அதிகம். கை உதறல்தான் ஊருக்கே தெரியும், அதனால் எல்லாரும் அதைப் பார்த்தே பயப்படுகிறார்கள். உண்மையில் நடுக்கம் மட்டும் முன்னால் நிற்கும் நோய் பெரும்பாலும் மெதுவாகப் போகும் வகை. இதை மாமாவிடம் சொன்ன அன்று அவர் முகம் தெளிந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2016 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கணிப்பு மாதிரி, ஐந்து வருஷத்துக்குள் நிலைமை மோசமாகும் வாய்ப்பை மூன்றே தகவல்களை வைத்துக் கணிக்கிறது: வயது, உடலின் நடுப்பகுதி அசைவு (நாற்காலியிலிருந்து எழுவது, நிமிர்ந்து நிற்பது, நடப்பது), ஒரு நிமிஷத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார் என்பது. ஸ்கேன், ரத்தம் எதுவும் கிடையாது. நம் கரையில் விலங்குப் பெயர் கேட்டால் ஆடு, மாடு என்று தொடங்கி உடனே பாறை, ஊளி, சூடை, வாளை, கணவாய் என்று கடலுக்குள் இறங்கிவிடுவார்கள். மீனும் உயிரினம்தான், எண்ணலாம். ஒரே நிபந்தனை, அடுத்த முறையும் அதே விதியில் எண்ண வேண்டும்.

வீட்டு முடிவுகளுக்கு இதைவிட உதவுவது 2013 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தந்த மூன்று கேள்விகள். போன பன்னிரண்டு மாதத்தில் விழுந்தாரா? போன ஒரு மாதத்தில் நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றதா? சாதாரணமாக நடக்கும் வேகம் விநாடிக்கு 1.1 மீட்டருக்குக் குறைவா? மூன்றுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டால், அடுத்த ஆறு மாதத்தில் விழும் வாய்ப்பு குறைந்த பிரிவில் 17 சதவீதம், நடுப்பிரிவில் 51, உயர்ந்த பிரிவில் 85. படகு விஷயத்தில் முடிவெடுக்க எந்த வாட்ச்சையும்விட இதை நான் நம்புவேன். கால் ஒட்டிக்கொள்வது ஒருமுறை நடந்திருந்தாலும் அவர் தனியாக வத்தையில் (சிறு நாட்டுப்படகில்) போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

டாக்டரின் மதிப்பெண்

உலகம் முழுக்க இந்த நோயை அளக்கும் கோல் எம்டிஎஸ்-யுபிடிஆர்எஸ். 2008 இல் திருத்தி வெளியிடப்பட்டது. நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மூன்றாம் பகுதியான அசைவுப் பரிசோதனைக்கு மட்டும் அதிகபட்சம் 132. மதிப்பெண் கூடினால் நோய் கூடுகிறது என்று பொருள். 1967 இல் வந்த ஹோன்–யார் அளவில் ஐந்து நிலைகள்தான். இரண்டாம் நிலையிலேயே பல வருஷம் இருப்பவர்கள் உண்டு என்பதால், ஒரு வருஷ மாற்றத்தைப் பார்க்க அது உதவாது.

இந்த மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. போன தடவை 28, இந்தத் தடவை 31 என்றதும் வீடே இடிந்து போகிறது. அசைவுப் பகுதியில் சுமார் 4.6 புள்ளிக்கு மேல் கூடினால்தான் நோயாளியே உணரும் அளவுக்கு மோசமாகியிருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மூன்று புள்ளி வித்தியாசம் பஸ்ஸில் வந்த அலுப்பினாலும் வரலாம், மாத்திரை நேரம் மாறியதாலும் வரலாம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பி, மாத்திரையை வழியில் ஏதோ ஒரு நேரம் போட்டுக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்து, பதினொரு மணிக்கு டாக்டர் முன்னால் கை விரலைத் தட்டிக் காட்டும்போது கிடைக்கும் மதிப்பெண் எந்த நிலையைக் காட்டுகிறது? அதனால் டாக்டரிடம் இரண்டு விஷயம் எழுதி வாங்குங்கள்: மொத்தமாக இல்லாமல் பகுதிவாரியாக மதிப்பெண், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு. அடுத்த முறையும் அதே இடைவெளியில் போய் நில்லுங்கள். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் வரும் நாளை விசாரித்து அங்கேயே பார்க்க முடிந்தால், பயண அலுப்பு என்ற ஒரு குழப்பமாவது குறையும்.

வருஷத்துக்கு இரண்டு அளவுகள்தான் கிடைக்கும் என்பது இந்த வழியின் குறை. நடுவில் நடப்பதெல்லாம் இருட்டு.

வீட்டு நோட்டு

அந்த இருட்டுக்கு வெளிச்சம் தருவது நாற்பது பக்க நோட்டு. பலர் இதைக் கேட்டதும் ஏமாற்றமாகப் பார்க்கிறார்கள், ஏதோ பெரிய தொழில்நுட்பம் சொல்வேன் என்று எதிர்பார்த்தவர்கள். ஆனால் கணிப்பின் தரம் நாம் எடுக்கும் அளவு எவ்வளவு ஒரே மாதிரி எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டில் அதைக் காப்பாற்றலாம்.

எங்கள் வீட்டில் செய்வது இது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். காலை மாத்திரைக்கு முன் ஒருமுறையும், போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறையும். முதல் அளவு நோயைப் பற்றி அதிகம் சொல்லும், இரண்டாவது அவர் எப்படி வாழ்கிறார் என்பதைச் சொல்லும். அளவெடுப்பதற்காக மாத்திரையை ஒருபோதும் தள்ளிப்போடவோ நிறுத்தவோ கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நான்கு மீட்டர் நடை. சிமென்ட் தரையில் கோடு போட்டு, போனில் நேரம் பார்க்க வேண்டும். 3.6 விநாடிக்கு மேல் ஆனால் விநாடிக்கு 1.1 மீட்டருக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். கடல் மணலில் இதைச் செய்யாதீர்கள். மணலில் யாருக்கும் அடி சுருங்கும்.

அப்புறம் கை வேலை. மாமா வலை பொத்துவதில் தேர்ந்தவர். இருபது கண் பின்ன எவ்வளவு நேரம் என்று அத்தை பார்க்கிறார், இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனியாக. இதைத் தேர்ந்ததற்கு ஒரு புள்ளியியல் காரணம் உண்டு. போன் திரையில் விரல் தட்டும் சோதனையில் முதல் சில வாரம் எல்லாரும் முன்னேறுவார்கள். அது பழக்கத்தால் வருவது, நோய் குறைந்ததால் வருவதில்லை. ஐம்பது வருஷம் வலை பின்னியவருக்குப் புதிதாகப் பழக ஒன்றுமில்லை, அதனால் மாற்றம் தெரிந்தால் அது நோயின் மாற்றம். பெண்களுக்கு ஓலை முடைவது, பூக்கட்டுவது எது பழகிய வேலையோ அது. ஒரே வரியை அவர் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்வதும் நல்லது. எழுத்து சிறுத்துக்கொண்டே போவது கண்ணுக்கே தெரியும்.

விழுந்த நாள், கால் ஒட்டிய நாள், தூக்கத்தில் கத்திய இரவு, மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். கடைசி இரண்டும் நம் பக்கம் மிக முக்கியம். மீன், கறி, பருப்பிலுள்ள புரதம் குடலில் லெவோடோபாவோடு போட்டிபோட்டு அது உடலில் சேர்வதைத் தடுக்கும். மதியம் மீன்குழம்பும் பொரித்த மீனும் சாப்பிட்டுவிட்டு உடனே மாத்திரை போட்டால் சாயங்காலம் உடம்பு இறுகும். நோட்டில் நேரம் இல்லாவிட்டால், நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டிவிடுவார். உணவுக்கும் மாத்திரைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை நோட்டைக் காட்டியே அவரிடம் கேளுங்கள்.

எழுதிய எண்களை வரைபடமாகப் போடும்போது, மாத்திரை அளவு மாறிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்துவிடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. ஒரு வருஷம் ஆகாமல் போக்கு எதையும் முடிவு செய்ய வேண்டாம். எழுத ஆள் வேண்டும் என்பதுதான் இதன் சிரமம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார் என்றால், நடை நேரத்தை அவரிடமே பார்த்து எழுதச் சொல்லலாம்.

செல்போன் செயலி

குரல், விரல் தட்டல், நடை மூன்றையும் போனிலேயே அளக்கும் செயலிகள் 2015 இல் அமெரிக்காவில் வந்த எம்பவர் ஆய்வுக்குப் பிறகு பெருகின. குரல் சோதனையில் "ஆ..." என்று இழுத்தால் போதும், மொழி தடையில்லை. நோய் முன்னேறும்போது குரல் தணிந்து கரகரப்பாவது உண்மை.

ஆனால் "குரலை வைத்து 98 சதவீதம் துல்லியமாக நோயின் போக்கைக் கணிக்கிறோம்" என்ற அறிவிப்பைக் கண்டால் நிதானியுங்கள். இதற்கு எல்லாரும் எடுத்தாள்வது 2009 இல் பொதுவில் வெளியான ஆக்ஸ்போர்டு தரவு: 42 நோயாளிகள், ஆறு மாதம், 5,875 குரல் பதிவுகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் டாக்டர் மதிப்பெண் போட்டது ஒருவருக்கு மூன்றே முறை, தொடக்கத்திலும் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும். நடுவில் உள்ள மதிப்பெண்களெல்லாம் நேர்கோடு இழுத்து நிரப்பியவை. அதாவது கணினி கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி நாமே வரைந்த கோட்டைத்தான். இன்னொன்று, மாணவர்கள் இந்தத் தரவைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியில் பயிற்சியும் மறு பகுதியில் சோதனையும் நடத்துகிறார்கள். ஒரே ஆளின் குரல் இரண்டு பக்கமும் விழுகிறது. கணினி ஆளை அடையாளம் கண்டுகொண்டு அவருடைய மதிப்பெண்ணைத் திருப்பிச் சொல்கிறது. வகுப்பில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆள்வாரியாகப் பிரித்துச் சோதித்தால் அந்த 98 நிற்காது. செயலி விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: புது ஆளிடம் சோதித்தீர்களா?

இருப்பிடத் தகவலையும் பாருங்கள். மீன் கிடைக்கும் இடம் நம் குடும்பங்களில் வெளியே சொல்லாத சொத்து. கடலுக்குப் போகும்போது செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் அதுவும் எங்கோ ஒரு சர்வரில் பதிவாகும். 2023 இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை இருக்கிறது. ஆனாலும் அனுமதியைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுவது எளிது.

மணிக்கட்டுக் கருவி

இது உண்மையிலேயே வலுவான வழி. பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு வாரம் கட்டியிருந்த அசைவுக் கருவியின் தரவை வைத்து, நோய் கண்டறியப்படுவதற்கு ஏழு வருஷம் முன்பே அசைவு குறைவது தெரிகிறது என்று 2023 இல் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் பிகேஜி கருவியை ஒரு வார அளவில் கட்டினால் எந்த நேரம் உடல் இறுகுகிறது, எந்த நேரம் துள்ளுகிறது என்று டாக்டருக்கு வரைபடம் கிடைக்கும். மாத்திரை நேரத்தைத் திருத்த அது அருமையான உதவி. கடையில் விற்கும் சாதாரண ஸ்மார்ட் வாட்ச் தானாக இந்த வேலையைச் செய்துவிடாது.

நம் கரையில் இதை மாதக்கணக்கில் கட்டினால் வரும் சிக்கல் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகில் போகிற மனிதர் வீட்டில் உட்கார்ந்துவிடுவார். கருவி பார்ப்பது அசைவு பாதியாகக் குறைந்ததை. வெளிநாட்டுத் தரவில் பயிற்சி பெற்ற கணிப்பு மாதிரி அதை நோய் பாய்ச்சல் எடுத்ததாகவே படிக்கும். மற்ற மாதங்களிலும் விசைப்படகுக்கு ஒரு நாள், நாட்டுப்படகுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் போகிற கடல் இது. கடலுக்குப் போன நாளும் போகாத நாளும் இரண்டு வேறு மனிதர்கள்போல் பதிவாகும். ஓய்வு நடுக்கம் விநாடிக்கு நான்கு முதல் ஆறு முறை அதிர்வது. படகின் ஆட்டம் அதைவிட மிக மெதுவானது என்பதால் அதைப் பிரித்துவிடலாம், இன்ஜின் அதிர்வு அப்படிச் சுலபமாகப் பிரியாது. ஆகவே கட்டுவதானால் கரையில் இருக்கும் வாரத்தில் கட்டுங்கள், இந்த ஜூலையைப் போன ஜூலையோடு ஒப்பிடுங்கள், மே மாதத்தோடு ஒப்பிடாதீர்கள்.

லேப் பரிசோதனை

2023 இல், தரவுக் கணிப்புப் போட்டிகள் நடத்தும் காகிள் என்ற இணையதளத்தில் ஒரு பெரிய போட்டி நடந்தது. 248 நோயாளிகளின் தண்டுவட நீரில் உள்ள புரதங்களை வைத்து, வரும் இரண்டு வருஷ மதிப்பெண்களைக் கணிக்க வேண்டும். முதலிடம் பிடித்த குழுவின் மாதிரி அந்தப் புரத அளவுகளை முற்றிலும் ஒதுக்கிவிட்டது. அதற்கு உதவியது எது தெரியுமா? நோயாளி எந்தெந்த மாதம் மருத்துவமனைக்கு வந்தார் என்ற விவரம். ஆறாம் மாதமே வந்தவர்களின் மதிப்பெண் கூடுதலாக இருந்தது.

இது எனக்கு நம் ஊர்ச் செய்தியாகவே படுகிறது. வருகையும் வராமையும் தரவுதான், ஆனால் அதன் பொருள் ஊருக்கு ஊர் மாறும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை, தீவுக்காரர்களுக்கு மதுரைப் பயணம் கூடுதல் சிரமமானது. அந்தக் காலத்தில் ஒருவர் வராமல் இருந்தால் உடம்பு நன்றாக இருந்ததாலா, எழ முடியாமல் போனதாலா, ரயில் இல்லாததாலா? எந்த மாதிரிக்கும் அது தெரியாது. வராத தடவைக்கும் காரணத்தை நோட்டில் எழுதிவையுங்கள்.

இந்த நோயில் தவறாக மடிந்து சேரும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்தைத் தேடும் விதைப் பரிசோதனை, நோய் இருக்கிறதா என்று சொல்வதில் பெரிய முன்னேற்றம். எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை அது சொல்லாது. ஜிபிஏ1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் நினைவு சீக்கிரம் பாதிக்கலாம் என்பது தெரியும். ஆனால் வெளிநாட்டுத் தரவுகளில் பெரிதாகப் பேசப்படும் எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவின் ஜி2019எஸ் மாற்றம் இந்தியர்களிடம் அரிது. நாற்பது வயதுக்கு முன் நோய் வந்தவர், குடும்பத்தில் பலருக்கு இருப்பவர் டாக்டர் சொன்னால் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் குளியலறையில் கைப்பிடி போட்டு, வழுக்காத தரை போடலாம்.

என் தேர்வு பொருந்தாத குடும்பங்களும் உண்டு. கீழக்கரை, தொண்டிப் பக்கம் நாற்பத்தைந்து வயதில் நோய் தெரிந்து வளைகுடாவில் தனியாக அறை எடுத்து இருப்பவருக்கு நோட்டு எழுத அத்தை இல்லை. அவருக்குப் போன்தான் முதல் தேர்வு. காலை மாத்திரைக்கு முன் ஒரு நிமிஷ விரல் தட்டலும் ஒரு குரல் பதிவும் போதும். முதல் மாதத்து எண்களைப் பழகும் காலம் என்று ஒதுக்கிவிட்டு, இரண்டாம் மாதத்திலிருந்து எண்ணிக்கொள்ளலாம். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அதே டாக்டரிடம், மாத்திரை போட்ட அதே இடைவெளியில் மதிப்பெண் போட்டுக்கொண்டு திரும்பட்டும். நினைவு தடுமாறத் தொடங்கியவருக்கு போன் சோதனை சரிவராது, திரையைப் பார்த்தே எரிச்சல்படுவார். அவருக்கு நடை நேரமும் விழுந்த கணக்கும் மட்டும் போதும், அதையும் வீட்டில் ஒருவரே தொடர்ந்து எழுத வேண்டும்.